சோறு இறங்காத வீட்டைக் கண்டுபிடியுங்கள்
வன்னிக் கிராமங்களின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,



கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உங்கள் சங்கம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. சேமிப்பு, கடன், சிரமதானம், செத்த வீட்டு உதவி என்று ஊரின் பாரத்தில் பெரும்பகுதியை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். சத்திரசிகிச்சை விடுதிகளில் வேலை செய்த வைத்தியன் என்ற முறையில் இன்னொரு பொறுப்பையும் உங்களிடம் தர வந்திருக்கிறேன். உணவுக்குழாய்ப் புற்றுநோயை நேரத்தோடு பிடிக்க உதவுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இதை வைத்தியசாலைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். இந்த நோயின் முதல் அடையாளம் சாப்பாட்டுக் கோப்பையில் தெரிகிறது. கோயில் அன்னதானத்தில் பந்திக்கு வராமல் யார் ஒதுங்கி நிற்கிறார், ஒவ்வொரு வாய்க்கும் யார் தண்ணீர் குடிக்கிறார், இரண்டு மாதமாக யார் கஞ்சியோடு மட்டும் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். வைத்தியருக்கு அது தெரியவருவது நோயாளி விடுதிக் கட்டிலில் வந்து படுத்த பிறகுதான். இடையில் கழிந்துபோகும் மாதங்களில்தான் குணமாக்கக்கூடிய நோய் குணமாக்க முடியாததாகிறது.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக்குழாய். தொண்டையின் அடியில் தொடங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள்ளால், மூச்சுக்குழாய்க்கும் இருதயத்துக்கும் பின்னால் இறங்கி இரைப்பையில் முடிகிறது. அது விரிந்து கொடுக்கும் குழாய். அதனால் சுவரில் சிறு கட்டி வளரத் தொடங்கும்போது ஒன்றும் தெரியாது. குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 1.3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பின்புதான் திண்மையான சாப்பாடு தொடர்ந்து சிக்கத் தொடங்கும். ஆகவே “சோறு இறங்குதில்லை” என்று ஒருவர் வாய்திறந்து சொல்லும் நாள், நோய் தொடங்கிய நாளல்ல. நோய் ஏற்கனவே சில அடிகள் நடந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமையும் பெறுமதியானது.

இந்த நோயை வன்னிக்குத் தொலைவான நோய் என்று எண்ண வேண்டாம். இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடமும் பெண்களிடமும் முன்வரிசையில் இருக்கும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. உலகம் முழுவதும் 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 இலட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இது புதிதாக வந்தது. அதே ஆண்டில் ஏறத்தாழ 4 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதற்குப் பெரிய காரணம், பிந்திக் கண்டுபிடிப்பது.

நோய் படிப்படியாகத்தான் வரும். முதலில் குரக்கன் ரொட்டியும் இறைச்சித் துண்டும் நெஞ்சுக்குள் நிற்கும். பிறகு புட்டு, பிறகு சோறு. அவர் சோற்றைக் குழைத்துச் சாப்பிடப் பழகுவார். பிறகு கஞ்சி, பால், சோடா. கடைசியில் தண்ணீரும் எச்சிலும் மேலே வரும். ஒவ்வொரு படியிலும் மனிதர் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதால் வீட்டுக்காரருக்கே தெரியாமல் போகும். இதனோடு உடம்பு மெலிதல், விழுங்கும்போது நெஞ்சு நோதல், குரல் கரகரத்துப்போதல், தண்ணீர் குடித்தவுடன் புரையேறி இருமுதல், இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போதல், காரணம் தெரியாத இரத்தச்சோகை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது. சாப்பாடு சிக்குவது ஒன்றே போதும். மற்ற அடையாளங்கள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வயதும் பார்க்க வேண்டாம். பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல், விழுங்கக் கஷ்டப்படும் எவருக்கும் என்ன வயதென்றாலும் இரண்டு கிழமைக்குள் எண்டொஸ்கோப்பி என்ற கமராப் பரிசோதனையைச் செய்யும்படி 2015 இல் சொன்னது. எங்கள் ஊரில் இரண்டு கிழமை என்பது நடக்காமல் போகலாம். ஆனால் எவ்வளவு அவசரமான குறி இது என்பதற்கு அதுவே அளவுகோல்.

எங்கள் ஊரில் இந்தக் குறிக்கு மூன்று பொய்ப் பெயர்கள் இருக்கின்றன.

முதற்பெயர் “காஸ்”. நெஞ்சு அடைத்தால் பாமசியில் ஒமெப்ரசோல் குளிசை வாங்கிப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. நெஞ்செரிவுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் புற்றுநோயின் மேலே இருக்கும் புண்ணையும் அது கொஞ்ச நாளைக்கு ஆற்றி, நோவைக் குறைத்துவிடும். சுகம் என்று நினைக்கும் அந்தக் காலத்தில் கட்டி வளரும். சாப்பாடு சிக்குகிற எவரும் கமரா விட்டுப் பார்க்காமல் இந்தக் குளிசையோடு காலம் கடத்தக்கூடாது.

இரண்டாம் பெயர் “வயசு”. வயது போனால் பல் விழும், பசி குறையும். சோறு நெஞ்சில் நிற்காது. எழுபது வயதானாலும் எண்பது வயதானாலும் விழுங்க முடியாமல் இருப்பது ஒரு வருத்தம். அதற்குக் காரணம் தேடியே ஆகவேண்டும்.

மூன்றாம் பெயர் “யோசினை”. இதைச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல விரும்புகிறேன். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017 முதல் தெருவோரப் பந்தல்களில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி இருந்த தாய்மாரை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் சிலர் அவர்களேதான். அப்படியான ஒரு தாய் மெலிந்தால், சாப்பிடாமல் எழும்பினால், “பிள்ளையை நினைச்சுச் சாப்பிடுறா இல்லை” என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் துயரம் தொண்டையில் தரும் அடைப்புக்கும் கட்டி தரும் அடைப்புக்கும் வேறுபாடு உண்டு. மனப்பாரத்தால் வரும் உருண்டை சாப்பிடாத நேரத்தில்தான் அதிகம் தெரியும், சாப்பிடும்போது பெரும்பாலும் குறையும், சோற்றை மறிக்காது. கட்டியோ சோற்றை மறிக்கும், மாதத்துக்கு மாதம் கூடும். அந்தத் தாயிடம் “ஏன் சாப்பிடுறியள் இல்லை?” என்று கேட்பதோடு நிற்காமல், “பசிக்குதோ? வாயில வைச்சது இறங்குதோ?” என்று கேளுங்கள். பசிக்கிறது, ஆனால் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே வைத்தியசாலையை நினையுங்கள்.

சாப்பாடு சிக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அமிலம் மேலே வந்து வந்து உண்டான தழும்பாலும் குழாய் ஒடுங்கும். உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை இளகாமல் இருக்கும் அக்கலேசியா என்ற வருத்தத்தில் தொடக்கத்திலிருந்தே சோறும் சிக்கும், தண்ணீரும் சிக்கும். நெஞ்சுக்குள் இருக்கும் நெறிக்கட்டி வீங்கி வெளியிலிருந்து அழுத்தலாம். அது காசநோயாகவும் இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. எது என்று அறிய வழி ஒன்றுதான்: உள்ளே பார்க்கவேண்டும்.

எண்டொஸ்கோப்பி என்றதும் பலர் பின்வாங்குவதை விடுதியில் பார்த்திருக்கிறேன். நடப்பது இதுதான். ஆறு முதல் எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். தொண்டை விறைக்க மருந்து அடிப்பார்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, சின்னி விரலளவு தடிப்பான, வளையக்கூடிய குழாயை வாயினால் விடுவார்கள். அதன் நுனியில் கமராவும் வெளிச்சமும் இருக்கும். ஓங்காளிக்கும், கண்ணில் நீர் வரும், ஆனால் மூச்சு அடைக்காது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடுபவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கட்டியோ புண்ணோ தெரிந்தால் அதே குழாய்க்குள்ளால் சிறிய கவ்வியை விட்டு, அரிசியளவு சதைத்துண்டுகளை எடுப்பார்கள். அதுதான் பயொப்சி. துண்டு எடுத்தால் கான்சர் பரவிவிடும் என்ற கதையை நம்பி எழும்பிப்போனவர்கள் இருக்கிறார்கள். பரவாது, பயொப்சி எடுக்காமல் வீட்டில் இருந்தால்தான் பரவும். துண்டுகள் ஆறு, ஏழு, எட்டு என்று பல இடங்களிலிருந்து எடுக்கப்படவேண்டும். வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒரு மூலையில் மட்டும் அள்ளிக் கொடுப்பதில்லையே, அது போலத்தான். கட்டியின் மேலே செத்த திசுவும் அழற்சியும் இருக்கும். அங்கு மட்டும் கிள்ளினால் “புற்றுநோய் இல்லை” என்று முடிவு வரலாம். ஆகவே மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன்: பயொப்சி முடிவு நல்லதாக வந்தும் சாப்பாடு தொடர்ந்து சிக்கினால், “ரிப்போட் நல்லம்தானே” என்று வீட்டில் இருக்கவேண்டாம். திரும்பப் போய், திரும்ப எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது வைத்தியரைக் குறைசொல்வது ஆகாது.

அடுத்தது, கண்டுபிடித்த புற்றுநோய் எந்த வகை என்பது. எங்கள் பக்கத்தில் மிக அதிகம் வருவது உணவுக்குழாயின் உட்தோலில் உண்டாகும் செதிட்கலப் புற்று. குழாயின் கீழ்ப்பகுதியில், நீண்டகால நெஞ்செரிவோடு தொடர்புபட்டு வருவது சுரப்பிக்கலப் புற்று. இந்த இரண்டையும் விட அரிதான வகைகளும் உண்டு. அவற்றைத் தவறவிட்டால் வைத்தியமே பிழைத்துப்போகும்.

ஒன்று சிறுகலப் புற்று. நுரையீரலில் வருவது என்று எல்லோரும் அறிந்த இந்த வகை உணவுக்குழாயிலும் வரலாம் என்பது 1952 இல்தான் மருத்துவ இதழில் பதிவானது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். மிக விரைவாக ஈரல், எலும்பு, மூளை என்று ஓடிவிடும். ஆகவே அதற்கு முதலில் கத்தி வைப்பதைவிட மருந்தேற்றும் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே முதன்மையானவை. மற்றது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் உண்டாகும் இந்தப் புற்று, உணவுக்குழாயிலேயே தொடங்குவது 1906 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆயிரம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் ஒன்றோ இரண்டோதான் இது. கமராவில் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். சிலவற்றில் கறுப்பே இருக்காது. அப்போது சாதாரண நுணுக்குக்காட்டிச் சாயத்தில் வேறு புற்றுப்போலத் தோன்றி ஏமாற்றும். மெலனோமா என்று தெரிந்தால் தோலில் எங்காவது தொடங்கி உள்ளே வந்ததா என்றும் தேடவேண்டும். எங்கள் நிறத்தவர்களில் அது உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் வருவதுண்டு. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்கள் அந்தக் கறுப்பைக் காயம், சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த வகைகளைப் பிரித்தறிய, சதைத்துண்டில் விசேட நிறமூட்டல் பரிசோதனை செய்யவேண்டும். எந்தக் கலத்தில் எந்தப் புரதம் இருக்கிறது என்று அது காட்டிவிடும். முதல் அறிக்கையில் “புற்றுநோய், ஆனால் வகை தெளிவில்லை” என்ற பொருள்பட எழுதியிருந்தால் அந்தப் பரிசோதனை தேவைப்படும். முடிவு வரச் சில கிழமைகள் கூட எடுக்கலாம். நோயாளியின் பிள்ளையோ பெறாமகளோ கேட்கவேண்டிய கேள்வி சுருக்கமானது: “டொக்டர், இது எந்த வகைக் கான்சர்? வகை உறுதியாகத் தெரிஞ்சுட்டுதோ?” பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித்தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியில்தான் அடுத்த வைத்தியம் எல்லாம் தங்கியிருக்கிறது.

வகை தெரிந்த பின், நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். இங்கே வன்னியாருக்கு மட்டும் சொல்லவேண்டிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உடம்புக்குள் இருக்கும் ஷெல் துண்டுகள். 2009 இன் போர்க் காயங்களோடு வாழும் பலர் இரும்புத் துண்டுகளை இன்னும் உடம்பில் சுமக்கிறார்கள். ஆண்டுகள் போனதால் சொல்ல மறந்தும்விடுகிறார்கள். சிலர் சொல்லப் பயப்படுகிறார்கள். சி.ரி. ஸ்கானில் அந்தத் துண்டைச் சுற்றிக் கீற்றுக்கீற்றாக விழுந்து படம் மறைபடலாம், அதனால் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. வேறு. அது பெரிய காந்தம். உள்ளே கிடக்கும் இரும்பு அசையலாம், சூடேறலாம். சிறுகலப் புற்றுப் போன்றவற்றில் மூளையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. கேட்கப்படலாம். ஆகவே எந்தப் படம் எடுக்க முன்னும், உடம்பில் துண்டு இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். எப்படி வந்தது என்று விளக்கவேண்டிய கடமை நோயாளிக்கு இல்லை. இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, சிறுநீரகம். வவுனியா பக்கத்தில், செட்டிகுளம் போன்ற இடங்களில், காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சி.ரி. ஸ்கானுக்கு ஏற்றும் சாயமும், இந்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. சிறுநீரகக் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர் அதையும் கையோடு கொண்டுபோகவேண்டும். அப்போது அளவை மாற்றவோ வேறு மருந்து தேடவோ வைத்தியரால் முடியும்.

நேரத்தோடு வந்தால் என்ன கிடைக்கும்? உட்தோலோடு மட்டும் நிற்கும் கட்டியை, நெஞ்சைத் திறக்காமல் எண்டொஸ்கோப்பிக் குழாயாலேயே வெட்டியெடுக்கலாம். அதைத் தாண்டியிருந்தாலும் சத்திரசிகிச்சை இருக்கிறது. செதிட்கலப் புற்றுக்கும் சுரப்பிக்கலப் புற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன் மருந்தும் கதிரும் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று நெதர்லாந்து வைத்தியர்களின் ஆய்வு 2012 இல் காட்டியது: நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 24 மாதம், சேர்த்துப் பெற்றவர்களில் 49 மாதம். மிகப் பிந்தி வந்தவர்களுக்கும் குழாய்க்குள் ஸ்ரென்ற் என்ற விரியும் வலைக்குழாயை வைத்துச் சாப்பாட்டுப் பாதையைத் திறக்கலாம். “ஒண்டும் செய்ய ஏலாது” என்று ஊர் சொல்லும் நிலையிலும், ஒரு மனிதர் தன் கையால் சோறு தின்ன வழிசெய்யலாம்.

வன்னிக்குள் தனியான புற்றுநோய் வைத்தியசாலை இல்லை. உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்குங்கள். “சாப்பாடு நெஞ்சில சிக்குது, இவ்வளவு மாதமா, இவ்வளவு மெலிஞ்சிட்டன்” என்ற மூன்றையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். “நெஞ்சு எரியுது” என்று மட்டும் சொன்னால் குளிசையோடு திருப்பி அனுப்பப்படலாம். அங்கிருந்து தேவைப்படுபவர்களை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைக்கோ அனுராதபுரத்துக்கோ மகரகமவுக்கோ அனுப்புவார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்ட 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் மக்கள் நடந்தார்கள். தெற்கின் முனையிலிருந்து வந்த அந்த உதவி எங்களுக்காகத்தான் வந்தது. ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து தெல்லிப்பழைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். கூலிவேலையை விட்டு, பஸ் மாறி மாறி, துணைக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பெண் ஒருத்தி தனியாகத் தாங்கும் குடும்பத்தில் அந்த ஒரு பயணம் தள்ளிப்போடப்பட்டே மாதங்கள் போகின்றன. இங்கேதான் உங்கள் சங்கம் வேண்டும்.

எதனால் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகைத்தல், மதுபானம், வெற்றிலை பாக்கு. சுருட்டு, பீடி, சாராயம், கசிப்பு எல்லாம் இதில் அடங்கும். புகையும் மதுவும் சேர்ந்தால் ஆபத்துப் பலமடங்காகும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. அதே முகவரகம் 2016 இல், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எதையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சொன்னது. கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடிப்பதாக மாற்றலாம். பெண்களுக்கு இன்னொன்று: நீண்டகால இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்வாயில் மெல்லிய சவ்வு வளர்ந்து சாப்பாட்டை மறிக்கலாம், அப்படியானவர்களுக்கு அந்த இடத்தில் புற்று வரும் வாய்ப்பும் அதிகம். இரத்தச்சோகையோடு விழுங்கக் கஷ்டமும் உள்ள பெண்ணை இரும்புக் குளிசையோடு மட்டும் விட்டுவிடவேண்டாம்.

இனி என் வேண்டுகோள்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வியை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்: “எங்கட கிராமத்தில சாப்பாடு இறங்காமல் ஆராவது இருக்கினமோ?” அதை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். போகத் துணையில்லாதவரோடு ஒருவரை அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதிய ரிப்போட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஊரில் இருக்கும். மகரகமவுக்கோ அனுராதபுரத்துக்கோ போகிறவரோடு சிங்களம் தெரிந்தவரை அனுப்புங்கள். சங்கத்தின் நிதியில் முதல் பயணத்தின் பஸ் காசுக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். புற்றுநோய் உறுதியானால் பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் உதவிக்கு விண்ணப்பிக்க வையுங்கள். எண்டொஸ்கோப்பிப் படம், பயொப்சி அறிக்கை, ஸ்கான், சிறுநீரகக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்து, ஒவ்வொன்றையும் பிரதியெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேட்பது சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று விசாரிப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனாலும் கேளுங்கள். இந்த நோய்க்கு எங்கள் கிராமங்களில் பரவலான முற்பரிசோதனை இல்லை. ஊர்ப் பெண்கள் கேட்கும் ஒரு கேள்விதான் இன்றைக்கு அந்த இடத்தை நிரப்ப முடியும். நீங்கள் அனுப்பிவைக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேறு சிறிய வருத்தம் என்று வந்தாலும் அந்த ஒன்பது பயணமும் வீண் போகாது. பத்தாவது ஆள் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் மண்ணைச் சேர்ந்த வைத்தியன் ஒருவன்